வெள்ளை பூத்த படை

பெட்டியைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது வெள்ளை நிறம்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆம்பூரில் ரஹீம் பாய் வீட்டு மாடி ஹால். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் சுவரில் ஈரம் காயவில்லை. என் சிவப்புத் தோல் பெட்டியை மேசைமேல் வைத்து, கொக்கியை விலக்கி, மூடியைத் தூக்கினேன். உள்ளே வரிசையாக நிற்க வேண்டிய என் ஈயப் படை, யாரோ கோலமாவைக் கொட்டியது போல வெளுத்துக் கிடந்தது.

தளபதியின் பீரங்கி வண்டியை இரண்டு விரலால் எடுத்தேன். வண்டி வந்தது, குழல் வரவில்லை. அது பெட்டியிலேயே தங்கிவிட்டது.

விரலில் ஒட்டியிருந்த மாவை மோந்து பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. எங்கள் ஊரில் பிறந்த மூக்குக்குத் தோலும் ஆசிட்டும் வாசனைக் கணக்கிலேயே வராது. வெளியூர்க்காரர்கள் ரயில் ஜன்னலைச் சாத்தும்போதுதான் எங்களுக்கு அது ஞாபகம் வரும்.

கொய்யா நறுக்கிக்கொண்டிருந்த நிர்மலா எட்டிப் பார்த்தாள். "இன்னாடி ஆச்சு?"

"யாரோ கை வெச்சிருக்காங்க" என்றேன்.

எனக்குத் தோன்றிய முதல் எண்ணம் அதுதான். இரண்டாவது எண்ணம் தோன்ற ஏழெட்டு வருடம் ஆனது.

அரிசி உயரத்தில் ஒரு ராணுவம்

எங்கள் ஷூ தொழிற்சாலை லேபைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருந்தார்: "ஆறு நாளும் தோலைச் சோதிப்பீர்கள் சரி, ஏழாவது நாள் என்ன செய்வீர்கள்?" சர்ச்சுக்குப் போவோம், பிரியாணி சாப்பிடுவோம், பிறகு யுத்தம் செய்வோம் அம்மா.

தொண்ணூறுகளின் ஆரம்பம். ஷூவின் மேல்தோலை அச்சில் இழுத்து மாட்டுகிற புது மெஷின் ஒன்று எங்கள் தொழிற்சாலைக்கு வந்தது. அதை ஓட்டக் கற்றுக்கொடுக்க இங்கிலாந்திலிருந்து ஒரு டெக்னீஷியனும் வந்தார். ஐந்தாறு மாதம் கெஸ்ட் ஹவுஸில் தங்கினார். அவர் கொண்டுவந்த இரண்டு சூட்கேஸில் ஒன்றில்தான் துணிமணி. மற்றதில் ஈயத்தில் வார்த்த ஒரு ராணுவம்.

ஒவ்வொரு சிப்பாயும் பிரியாணி அரிசியை நிமிர்த்தி வைத்த உயரம். பீரங்கி வண்டிகள் புளியங்கொட்டை அளவு. அந்த விளையாட்டின் கதை இந்தப் பூமியில் நடப்பதில்லை. இன்னும் ஆயிரம் வருடம் கழித்து ஏதோ ஒரு கிரகத்தில் மனிதர்களும் இயந்திரங்களும் மோதிக்கொள்கிறார்கள். ஆறு கால் வைத்து நடக்கிற ஒரு யுத்த இயந்திரத்துக்கு வாயில் நுழையாத பெயர் இருந்தது. நாங்கள் அதற்கு நண்டு என்று பேர் வைத்தோம்.

டெக்னீஷியன் சாயங்காலங்களில் தன் வலது கைக்கும் இடது கைக்கும் போர் வைத்துத் தனியாக ஆடிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து மனசு கேட்காமல் எதிரில் உட்கார்ந்தவர் ரஹீம் பாய். எங்கள் தொழிற்சாலையில் தோலுக்கு நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற பினிஷிங் பிரிவின் சூப்பர்வைசர் அவர்.

பாய்க்கு ஆங்கிலத்தில் ஷேட், ரிஜெக்ட், ஓக்கே என்று ஒரு கைப்பிடி வார்த்தைகள் தெரியும். டெக்னீஷியனுக்குத் தமிழில் "போதும்" தெரியும். இதை வைத்துக்கொண்டு நூறு பக்க விதிமுறைகள் கைமாறின என்றால் நம்ப முடிகிறதா? பாதி விதிகள் பாய் தானே சேர்த்தவை என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. இன்றும் உண்டு.

ஊருக்குத் திரும்பும்போது டெக்னீஷியன் அந்தச் சூட்கேஸை பாயிடமே கொடுத்துவிட்டுப் போனார். பிறகும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, அந்த விளையாட்டுக்கென்றே வரும் பத்திரிகையையும் ஒரு பொட்டலம் சிப்பாய்களையும் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்.

லுங்கித் துணியில் ஒரு கிரகம்

நன்றாக நடந்த காலத்தில் நாங்கள் பன்னிரண்டு பேர். கம்பவுண்டர் ஒருவர், டிராயிங் மாஸ்டர் ஒருவர், தொழிற்சாலை ஆட்கள் சிலர். விடாமல் வந்தவர்கள் நான்கு பேர்தான். ரஹீம் பாய், நான், என்னோடு பள்ளியில் படித்து வேலூரில் நர்ஸாக இருந்த நிர்மலா, குடியாத்தத்தில் லுங்கித் தறி வைத்திருந்த தனபால்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் ஒரே ஒரு நாள் வந்து பார்த்தார். "இதுக்கா இவ்ளோ நேரம்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கினார். அதற்குப் பிறகு அவரால் எங்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை.

தனபால் முதல் நாளே பச்சைக் கட்டம் போட்ட லுங்கித் துணி ஆறு கஜம் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். அதுதான் கிரகம். வெளிநாட்டில் டேப்பை வைத்து அளந்து அளந்து நகர்த்துவார்களாம். எங்களுக்கு டேப்பே தேவைப்படவில்லை. சிப்பாய்க்கு நாலு கட்டம், வண்டிக்கு எட்டு, நண்டுக்கு ஆறு.

நிர்மலா ஆஸ்பத்திரி இடுக்கியால் சிப்பாய்களை நகர்த்துவாள். ஈயத்தைத் தொட்ட கையோடு யாரும் பழத்தில் கை வைக்கக் கூடாது, சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்பது அவளுடைய சட்டம். பினிஷிங் பிரிவில் மிஞ்சிய நிறங்களைப் பாய் பிலிம் டப்பாக்களில் கொண்டுவருவார். எங்கள் படைகள் எல்லாம் ஐரோப்பியப் பெண்மணிகளின் ஷூ நிறத்தில்தான் போருக்குப் போயின.

காற்றடித்தால் சிப்பாய்கள் சாய்ந்துவிடும் என்று ஜன்னல்களைச் சாத்தி வைத்திருப்போம். ஆணும் பெண்ணுமாக உள்ளே போகிறார்கள், ஜன்னலைச் சாத்துகிறார்கள், பகடை உருள்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. தெரு என்ன நினைக்கும்? ஒரு நாள் ஒரு கான்ஸ்டபிள் மாடி ஏறி வந்தார். பூதக்கண்ணாடியோடு குனிந்திருந்த எங்களைப் பார்த்தார், லுங்கியைப் பார்த்தார், நண்டைப் பார்த்தார். "இதுல காசு எங்க வெப்பீங்க?" என்று கேட்டார். காசே கிடையாது என்றோம். அவருடைய சந்தேகம் அதற்குப் பிறகுதான் ஜாஸ்தியானது.

ரஹீம் பாயின் மனைவி ஷமீமா அக்காதான் கான்ஸ்டபிளுக்கும் ஒரு டீ கொடுத்து அனுப்பி வைத்தார்.

பகடைக்கு உப்புத் தண்ணீர்

அந்தக் கான்ஸ்டபிளைக் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் வாங்கியவள் நான்.

லேபில் என் வேலை என்னவென்று நினைக்கிறீர்கள்? பளபளவென்று ஒரு தோல் வரும். எல்லோரும் அழகு என்பார்கள். நான் மட்டும் வெள்ளைத் துணியை நனைத்துத் தேய்த்து, சாயம் போகிறதா என்று பார்ப்பேன். மடித்து மடித்து வெடிக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு துண்டை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து, எவ்வளவு புளிப்பு இருக்கிறது என்று மீட்டரில் பார்ப்பேன். கடைசியில் பாஸ் அல்லது ரிஜெக்ட். இந்தப் புத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு எடுத்துக்கொள்ளுமா?

ஒரு முறை பாய்க்குத் தொடர்ந்து ஆறாக விழுந்தது. நான் அந்தப் பகடையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய், திங்கட்கிழமை லேபில் ஒரு பீக்கர் நிறைய உப்புத் தண்ணீர் கரைத்து மிதக்கவிட்டேன். ஒரு பக்கம் கனம் வைத்த பகடை என்றால், எத்தனை முறை சுண்டினாலும் அதே முகத்தைக் காட்டும். இது ஒவ்வொரு முறையும் வேறு முகத்தைக் காட்டியது. அடுத்த வாரம் மேசைமேல் திருப்பி வைத்தேன்.

"பாஸா மேடம்?" என்றார் பாய்.

"பாஸ்."

"ஒரு சீல் குத்திக் குடுத்துடுங்க" என்றார். ஹாலே சிரித்தது.

தனபாலின் லுங்கியையும் நான் விடவில்லை. ஸ்டீல் ஸ்கேல் வைத்து அளந்ததில், நீளவாக்கில் கட்டங்கள் ஒரு நூல் கம்மி. "எங்க தறியில கட்டம் தப்பாதுங்க" என்று அவர் முகம் சுருங்கிப் போனார். நிர்மலா இடுக்கியால் அரைக் கட்டம் கூடுதலாகத் தள்ளுகிறாள் என்று அவளிடமும் சண்டை போட்டிருக்கிறேன். அப்போதெல்லாம் சிரித்தார்கள். சிரிக்கிறவரைக்கும் பரவாயில்லை என்று நானும் விட்டுவிட்டேன்.

சிவப்புப் பெட்டி

ஒரு மழையில் ஹால் கூரை ஒழுகி, எங்கள் அட்டைப் பெட்டிகள் ஊறிப்போயின. சிப்பாய்களுக்குச் சேதம் இல்லை. ஆனால் ரஹீம் பாய்க்கு அவமானமாகிவிட்டது. அவர் வீட்டில் வைத்த பொருள் நனைந்துவிட்டதே!

அந்தக் கோடை முழுக்க அவர் தோல் பெட்டி செய்தார். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தடித்த தோல், தெரிந்தவர் மண்டியில் தானே போய்ப் பொறுக்கி எடுத்தது. வெளியில் மாதுளம்பழச் சிவப்பு. உள்ளே மெத்தென்ற தோலில் சின்னச் சின்ன அறைகள். சிப்பாய்க்கு ஒரு அறை, வண்டிக்கு ஒரு அறை, தளபதிக்கு மட்டும் மூடி போட்ட தனி அறை. பன்னிரண்டு பேரில் பதினோரு பேருக்குச் செய்தார்.

"உங்களுக்கு எங்க பாய்?" என்று தனபால் கேட்டார்.

"எனக்கு இன்னாத்துக்கு? டப்பா இருக்குதே" என்று தன் பிஸ்கட் தகர டப்பாவைத் தட்டிக் காட்டினார்.

முதல் பெட்டியை என்னிடம்தான் நீட்டினார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன செய்திருக்க வேண்டும்? கையில் வாங்கி, நன்றி பாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

நான் கர்சீப்பின் முனையைத் தண்ணீர் டம்ளரில் நனைத்து, மூடியில் பத்து தேய்ப்பு தேய்த்தேன். கர்சீப் சிவந்தது.

"கலர் போவுது பாய்" என்றேன்.

பாயின் முகத்தில் இருந்த சந்தோஷம் அப்படியே இறங்கியது. பதினோரு பெட்டிகளையும் அடுக்கி எடுத்துக்கொண்டார். "இருக்கட்டும். சரி பண்ணிட்டு தர்றேன்."

மூன்று வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுபடியும் தேய்த்தேன். கர்சீப் வெள்ளையாகவே இருந்தது. "பாஸ்" என்றேன். அவர் "சந்தோஷம் மேடம்" என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து எங்கள் படைகள் அந்தப் பெட்டிகளில், பெட்டிகள் ஹாலில் இருந்த இரும்பு பீரோவில், சாவி பாயிடம். தகர டப்பாவும் அதே பீரோவில், கடைசித் தட்டில்.

யார் கை?

இப்போது அந்த வெள்ளை நிற ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். மற்றவர்களும் தங்கள் பெட்டிகளைத் திறந்தார்கள். நிர்மலாவின் படைக்கு ஓரங்களில் வெள்ளை. தனபாலின் நண்டுக்கு இரண்டு கால் இல்லை. எல்லாவற்றிலும் மோசம் என்னுடையது.

"பாய், உங்க டப்பாவ தெறங்க" என்றேன்.

திறந்தார். அவருடைய படை நேற்று வார்த்தது போல மின்னியது.

நான் அவசரப்படவில்லை. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்போது பெருமை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். சிப்பாய்களுக்குப் பூசிய நிறத்தை லேபில் சோதித்தேன், குற்றமில்லை. மழைத் தண்ணீரைச் சோதித்தேன், குற்றமில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை லேப் ரிப்போர்ட் மாதிரி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய், மேசைக்கு முன்னால் நின்று வாசித்தேன். எல்லாருக்கும் ஒரே ஈயம். ஒரே நிறம். ஒரே பீரோ. ஒரே மழை. ஒருவர் படை மட்டும் கெடவில்லை.

அந்தத் தாளில் பெட்டி என்ற சொல்லே இல்லை. எங்கள் ஊரில் தோல் என்பது காப்பாற்றுகிற பொருள். காலைக் காப்பாற்றும், எங்கள் வயிற்றைக் காப்பாற்றும். அது ஒன்றைக் கெடுக்கும் என்று எழுத ஆம்பூர்க்காரியின் பேனாவுக்குத் தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. நாலைந்து மாதமாக ஒரே யுத்தத்தைத் தொடர்ந்து ஆடி வந்தோம். கடைசிப் போர் நெருங்கிக்கொண்டிருந்தது. ஜெயிக்கிற இடத்தில் நான், தோற்கிற இடத்தில் பாய்.

"சாவி யார்கிட்ட இருக்குது?" என்றேன்.

"எங்கிட்டதான்."

"பூட்ட யாராச்சும் ஒடச்சாங்களா?"

"இல்ல."

"அப்போ நீங்களே சொல்லுங்க பாய்."

நிர்மலா என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "ரெஜினா, வுடு. பொம்மைக்குப் போய்..." தனபால் லுங்கியின் விளிம்பைத் தடவியபடி குனிந்திருந்தார். அவரும் என்னை மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ரஹீம் பாய் என்னைப் பார்த்தார். பிறகு தகர டப்பாவை மூடினார். "நீங்க சொன்னா சரி மேடம்."

படியில் டீத் தட்டோடு வந்துகொண்டிருந்த ஷமீமா அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டார். மேலே வராமல், தட்டோடு அப்படியே திரும்பி இறங்கிப் போனார்.

பாய் வாதாடாததையே நான் ஒப்புதலாக எடுத்துக்கொண்டேன். கோபத்தோடு என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து பரணில் எறிந்தேன். அதற்குப் பிறகு திறக்கவில்லை.

கலைந்த மேசை

அடுத்த வாரம் தனபாலுக்குத் தறியில் வேலை. அதற்கடுத்த வாரம் நிர்மலாவுக்கு டியூட்டி. மாடியில் ஏதோ களவு என்று பேச்சு பரவி, கம்பவுண்டரும் டிராயிங் மாஸ்டரும் நின்றுவிட்டார்கள். ஒரு பருவமழைக்குள் பன்னிரண்டு பேர் கலைந்தோம்.

நாங்கள் மட்டும் இல்லை, உலகமே கலைந்துகொண்டிருந்தது. டெக்னீஷியனிடமிருந்து பாய்க்கு வந்த கடைசிக் கடிதத்தை நிர்மலா வாங்கிவந்து எனக்குக் காட்டினாள். அங்கேயும் யாரும் இப்போது ஆடுவதில்லையாம். பையன்களுக்குப் பெரிய சைஸ் பொம்மைகள் வேண்டுமாம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டர். கடையில் அந்தத் தட்டையே எடுத்துவிட்டார்கள், பத்திரிகை நின்றுவிட்டது, வார்ப்பவர்களும் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கடிதத்தைத் திருப்பித் தபால் முத்திரையைப் பார்த்தேன். பாயே யாரையாவது வைத்து எழுதிக் கொடுத்தனுப்பியிருப்பாரோ என்று. நிர்மலா கடிதத்தை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "ஒன்னோட பேஜாருடி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவள், ரொம்ப நாளைக்கு என் வீட்டுப் பக்கம் வரவில்லை.

தொழிற்சாலையில் பாயும் நானும் தினமும் பார்த்துக்கொண்டோம். "ஷேட் ஓக்கேவா?" "ஓக்கே." சில வருடங்களுக்கு எங்கள் பேச்சு இவ்வளவுதான். பிறகு தோல் துண்டுகளை வேறு ஆளிடம் கொடுத்து அனுப்ப ஆரம்பித்தார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் போனது விளையாட்டு மட்டும் இல்லை. நான் சந்தேகக்காரி என்று தெரிந்தும், சிரித்துக்கொண்டே டீ கொடுத்த வீடு ஊரிலேயே அது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் என்ன செய்வதென்று தெரியாமல், துவைத்த துணியையே மறுபடி துவைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கிள்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டுக்கு அனுப்பிய பெண்கள் ஷூவில் குறை என்று ஒரு பெட்டி திரும்பி வந்தது. தோலுக்கு ஒன்றும் இல்லை, வாரை மாட்டுகிற உலோகப் பக்கிள் மட்டும் கெட்டுப்போயிருந்தது. மேனேஜர் பக்கிள் விற்றவரைத் திட்டினார், பக்கிள்காரர் குடோனைத் திட்டினார், குடோன்காரர் கடல் காற்றைத் திட்டினார். ஆளுக்கு ஒரு ஆளைக் கை காட்டிவிட்டு, கடைசியில் என் மேசையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

பெட்டியைத் திறந்தேன். பக்கிள்கள் மேல் வெள்ளையாக மாவு.

என் விரலுக்கு அந்த மாவை ஏற்கெனவே தெரியும்.

தோலில் ஒரு துண்டு வெட்டி ஊறவைத்து மீட்டரைப் போட்டேன். எக்கச்சக்கப் புளிப்பு. சாயம் நிற்பதற்காகப் பார்மிக் ஆசிட் விடுவார்கள், விட்ட பிறகு நன்றாக அலச வேண்டும். யாரோ அலசாமல் விட்டிருக்கிறார்கள். தோலுக்குள் தங்கிய ஆசிட் மூடிய பெட்டிக்குள் மெல்ல ஆவியாகி உலோகத்தைத் தின்றிருக்கிறது. யார் கையும் படவில்லை. ரிப்போர்ட்டில் இதை எழுதிக்கொண்டு வந்தேன். "மூடிய பெட்டி" என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது.

வீட்டுக்கு ஓடிவந்து சாமுவேலைப் பரணில் ஏற்றினேன். சிவப்புப் பெட்டி தூசியோடு இறங்கியது. வெளியில் அதே மாதுளம்பழ நிறம், ஒரு பொட்டு மங்கவில்லை. உள்ளே என் படை இல்லை. அறைக்கு ஒரு சிட்டிகை மாவும், நடுநடுவே ஒரு கால், ஒரு தலையும்தான் இருந்தன. ரஹீம் பாய் தொட முடியாத என் வீட்டுப் பரணில், என் பூட்டுக்குள் அது நடந்திருந்தது.

உள் தோலில் ஒரு துண்டு வெட்டி மறுநாள் சோதித்தேன். பக்கிளைக் கெடுத்த தோலை விடப் புளிப்பு. அப்போதும் என் புத்தி அடங்கவில்லை. பஜாரில் தூண்டிலுக்குக் கட்டுகிற ஈயக்குண்டுகள் வாங்கி, இரண்டு ஜாம் பாட்டிலில் ஈரப் பஞ்சோடு போட்டேன். ஒன்றில் மட்டும் அந்தத் தோல் துண்டு. தினமும் பார்த்தேன். மூன்றாவது வாரம் அந்தக் குண்டு மட்டும் வெள்ளை பூத்தது. மற்றது அப்படியே இருந்தது.

பாட்டிலைப் பார்த்துக்கொண்டே நின்றபோதுதான் அந்தக் கர்சீப் ஞாபகம் வந்தது. கலர் போவுது பாய். சாயம் நிற்க வேண்டும் என்று அவர் ஆசிட்டைக் கூட்டியது யாருக்காக?

லேபின் நடுவில் உட்கார்ந்து அழுதேன். கண்ணில் ஆசிட் தெறித்துவிட்டது என்று நினைத்து ஆட்கள் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

தகர டப்பா

அதற்குள் பாய் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெட்டியையும் இரண்டு பாட்டில்களையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன். கதவைத் திறந்த ஷமீமா அக்கா வாங்க என்று சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. வழியை மட்டும் விட்டார்.

மாடியில் பாய் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். தாடி முழுக்க நரைத்திருந்தது. ஜன்னல் திறந்திருந்தது. நான் பாட்டில்களை அவர் முன்னால் வைத்தேன்.

"பாய், உங்க மேல தப்பு இல்ல. பொட்டியில ஆசிட் இருந்துச்சு. அதுதான் தின்னுடுச்சு."

அவர் பாட்டிலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தெரியும் மேடம்."

"தெரியுமா? எப்போலேந்து?"

"நீங்க போன அடுத்த மாசமே. நிர்மலா சிஸ்டர் பொட்டி இங்கயேதான இருந்துச்சு. தெறந்தேன், இன்னும் ஜாஸ்தியா பூத்துருந்துச்சு. மூடிய மூக்குகிட்ட வெச்சுப் பாத்தேன். முப்பது வருஷம் ஆசிட்ல நின்னவன், எனக்குத் தெரியாதா? கலர் நிக்கணும்னு உட்டேன், உள் தோலு வரைக்கும் ஊறிடுச்சு. பொட்டியா தெச்சப்புறம் அலசுனா கோணிக்கும். அலசல."

"அப்புறம் ஏன் பாய் சொல்லல?"

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பங்கு இல்லை.

"இன்னான்னு சொல்றது? ரஹீம் போட்ட தோலு ஈயத்த தின்னுதுன்னா? ஆட்டத்துல ஏமாத்துனான்னு சொன்னா, நாலு பேரு நம்புவான், நாலு பேரு நம்பமாட்டான். ரஹீம் தோலு சரியில்லன்னு சொன்னா ஆம்பூர்ல அத்தினி பேரும் நம்பிடுவான் மேடம். எது மேலுன்னு பாத்தேன்."

ஏமாற்றுக்காரன் என்ற பேரை அவர் ஏழெட்டு வருடம் சுமந்தது இதற்காகத்தான்.

"நான் கர்சீப்ல தேச்சதாலதான பாய்."

"அது உங்க வேல."

"மன்னிச்சிடுங்க பாய்."

என் கல்யாணத்துக்குப் பிறகு நான் யாரிடமும் சொல்லாத வார்த்தை அது. அவர் பாட்டில்களை ஓரமாக நகர்த்தி வைத்தார். மன்னித்தாரா, இல்லை மரியாதைக்குச் சும்மா இருக்கிறாரா என்று அப்போதும் என் புத்தி நோண்டியது. நல்லவேளை, வாயைத் திறக்கவில்லை.

பாய் எழுந்து போய் பீரோவைத் திறந்தார். பச்சை லுங்கியை எடுத்து மேசைமேல் விரித்தார். கட்டங்கள் மங்கியிருந்தன. தகர டப்பாவைத் திறந்து, தன் படையைச் சிப்பாய் சிப்பாயாகப் பிரித்து இரண்டு பக்கமும் நிறுத்தினார். ஒன்றில்கூட வெள்ளை இல்லை. நண்டை மட்டும் கையில் வைத்து யோசித்துவிட்டு, என் பக்கம் வைத்தார்.

பிறகு ஜன்னலைச் சாத்தினார். பகடையை என் முன்னால் வைத்தார். படிக்கட்டுப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"ஷமீமா! ஒரு டம்ளர் தண்ணி கொண்டா. நல்லா உப்பு போட்டு."

ஷமீமா அக்கா எதற்கு என்று கேட்கவில்லை. அந்த வீட்டில் யாரும் எதையும் மறந்திருக்கவில்லை. டம்ளரைக் கொண்டுவந்து பகடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, முந்தானையைச் சுற்றிக்கொண்டு அங்கேயே நின்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் டம்ளரை எடுத்து மூச்சுவிடாமல் குடித்தேன்.

"அய்யய்யோ, இன்னாது இது!" என்று ஷமீமா அக்கா பதறிப்போய் டம்ளரைப் பிடுங்கினார். பிடுங்கிய வேகத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நான் பகடையை உருட்டினேன். ஒன்று விழுந்தது.

"பாஸா மேடம்?" என்றார் ரஹீம் பாய்.

"பாஸ்" என்றேன். வாயெல்லாம் கரித்தது.